தளர்வு யாருடையது?

திண்டிவனத்திற்கு வடக்கே, சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையின்மேல் உள்ளது ஒலக்கூர். ஊராட்சி ஒன்றியம் ஒன்றின் தலைமையிடமாகிய இவ்வூருக்கும், இதனைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கும் உயிர்நாடியாய் இருப்பன ஏரிகள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் சில வாரங்களில் ஓடிவரும் நீரைக் கரைகட்டித் தேக்கி, ஆண்டின் எஞ்சிய மாதங்களுக்கு அளந்து செலவிடுவதே இவ்வட்டாரத்து உழவர் வாழ்க்கை. ஏரி நிரம்பினாலன்றோ கிணறும் ஊறும்! ஆதலின் ஏரியை நம்பி வாழ்வார்க்கு ஆண்டில் உள்ள பருவங்கள் இரண்டே. மழைக்கு முன் ஒன்று. மழைக்குப் பின் ஒன்று. முன்னதிற் செய்யத் தவறியதைப் பின்னதிற் செய்து ஈடுகட்டுதல் எவர்க்கும் இயலாது.

இத்தகைய ஊரிலிருந்து நோக்குவார்க்கு, இக்காலப் பொறியியற் கல்வியிற் பயிலப்படும் ஒரு சிறு கணக்கு மிகவும் பொருளுடையதாகத் தோன்றும். ஒரு பெரும்பணியைப் பல சிறுபணிகளாகப் பகுத்து, எதற்கு முன் எது நிகழவேண்டும் என்று வரிசைப்படுத்தி, எந்தச் சிறுபணி எத்தனை நாள் தாமதித்தாலும் முழுப்பணிக்கு ஊறு நேராது என்று கண்டறிவதே அக்கணக்கு. அங்ஙனம் தாமதிக்கக் கிடைக்கும் நாள்களைப் பொறியியலார் 'ஃப்ளோட்' என்பர். 'ஸ்லாக்' என்பாரும் உளர். யாம் இக்கட்டுரையில் அதனைத் 'தளர்வு' என்று வழங்குவோம். தளர்வின் வகைகளை விளக்குதல் எம் முதல் நோக்கம். அத்தளர்வு யாருக்கு உரியது என்று வினவுதல் இரண்டாவது நோக்கம். கணக்கினும் இவ்வினாவே பெரிது என்பது எம் கருத்து.

கணக்கின் வரலாறு நெடியதன்று. 1896-ஆம் ஆண்டிலேயே போலந்துப் பொறியியலார் கரோல் அடமியெட்ஸ்கி என்பவர், பணிகளையும் அவை ஒன்றையொன்று சார்ந்திருத்தலையும் படத்திற் காட்டும் முறையொன்றை வகுத்தார். ஆயினும் அது மேனாடுகளிற் பரவவில்லை. அமெரிக்கராகிய ஹென்றி காண்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பரப்பிய பட்டைப்படமே உலகெங்கும் சென்றது. அப்பட்டைப்படம் ஒவ்வொரு பணியும் என்று தொடங்கி என்று முடியும் எனக் காட்டுமேயன்றி, ஒன்று தவறினால் வேறெவை தவறும் என்பதைத் தெளிவாகக் காட்டாது. அக்குறை 1957-ஆம் ஆண்டில் நீங்கத் தொடங்கியது. டூபாண்ட் கம்பெனியைச் சார்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கம்பெனியைச் சார்ந்த ஜேம்ஸ் கெல்லியும் கூடி, இன்று 'கிரிட்டிகல் பாத்' என வழங்கும் முறையை அமைத்தனர். 1958-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையார் தம் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காகப் 'பெர்ட்' என்னும் முறையைக் கண்டனர். 1961-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜான் ஃபோண்டால், கணிப்பொறியின் துணையின்றித் தாளிலேயே இக்கணக்கைப் போடும் எளிய வழியைக் காட்டினார். அவ்வழியே ஒலக்கூருக்கு ஏற்ற வழி. ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும்.

அத்தாளை இப்பொழுதே எடுத்துக்கொள்வோம். ஒலக்கூர் வட்டாரத்து ஏரியொன்றைச் செப்பனிட வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்வரும் எண்கள் விளக்கத்தின்பொருட்டு யாம் அமைத்துக்கொண்டவை. முதற்கண் அளவெடுத்து மதிப்பீடு செய்து ஒப்புதல் பெறவேண்டும். அதற்கு 20 நாள். அதன்பின் கரைமேலும் உள்ளும் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு அகற்றவேண்டும்; 15 நாள். கருவேலம் நீங்கியபின் கரையை மண்ணிட்டுப் பலப்படுத்தவேண்டும், 40 நாள். கருவேலம் நீங்கியபின்னரே பழைய மதகை இடித்துப் புதிதாகக் கட்டவும் கூடும்; 20 நாள். மதகிற்குரிய இரும்புக் கதவைத் திண்டிவனத்துப் பட்டறையிற் செய்விக்கவேண்டும்; அதற்கு ஒப்புதல் கிடைத்தலே போதும், கருவேலம் நீங்கக் காத்திருக்க வேண்டுவதில்லை; 25 நாள். மதகும் கதவும் ஆயத்தமானபின் கதவைப் பொருத்தவேண்டும், 5 நாள். கரையும் பலமாகி, கதவும் பொருந்தியபின், மதகருகே திறந்துகிடக்கும் கரையை மூடி இறுக்கிப் புல்பதிக்கவேண்டும், 10 நாள். இவையன்றி, ஏரிக்கு நீர் கொணரும் வரத்துக் கால்வாயைத் தூர்வாரவேண்டும், ஒப்புதலுக்குப் பின் எப்பொழுது வேண்டுமாயினும் தொடங்கலாம், 30 நாள்.

மொத்த நாள்களையெல்லாம் கூட்டினால் 165 வரும். ஆயினும் பல பணிகள் ஒருங்கே நடைபெறக் கூடுமாதலின் ஏரி முடிய அத்துணை நாள் ஆகாது. எந்தத் தொடர் மிக நெடியதோ அதுவே முழுப்பணியின் அளவு. ஒப்புதல், கருவேலம் அகற்றல், கரை பலப்படுத்தல், மூடி இறுக்கல் என்னும் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாய் 85 நாள் கொள்ளும். வேறெந்தத் தொடரும் இதனினும் நீண்டதன்று. இதனையே 'கிரிட்டிகல் பாத்' என்பர். நெருக்கடி வழி எனலாம். இவ்வழியிலுள்ள பணி எதற்கும் தளர்வு இல்லை. கருவேலம் அகற்றுவோர் ஒருநாள் வாராதிருப்பின் ஏரி ஒருநாள் பிந்தும். இதில் மன்னிப்பிற்கு இடமில்லை.

இனி நெருக்கடி வழியிற் சேராத பணிகளை நோக்குவோம். மதகுக் கதவு 20-ஆம் நாள் முடிவில் தொடங்கி 45-ஆம் நாளில் முடிந்துவிடும். முழுப்பணி பிந்தாமல் இருக்கவேண்டுமாயின் அது 70-ஆம் நாளுக்குள் முடிந்தாற் போதும். என்னை? 70-இல் கிடைத்தாலும் 5 நாளிற் பொருத்தி, 75-ஆம் நாளில் கரையை மூடத் தொடங்கலாம் அன்றோ? எனவே கதவுக்குக் கிடைப்பது 25 நாள். ஒரு பணி, முழுப்பணியின் முடிவைப் பிந்தச் செய்யாமல் தான் எவ்வளவு பிந்தலாம் என்பதைக் காட்டும் இதற்கு மொத்தத் தளர்வு என்று பெயர். மதகுக் கட்டுமானத்திற்கு மொத்தத் தளர்வு 15 நாள்; கதவு பொருத்துதற்கு 15 நாள்; கால்வாய்க்கு 35 நாள்.

ஆனால் மொத்தத் தளர்வை மட்டும் கண்டு மகிழ்பவர் விரைவில் வருந்துவர். கதவு செய்யும் பட்டறையார் தமக்கு 25 நாள் இருக்கிறதென்று முழுவதையும் செலவிட்டுவிட்டார் என்க. ஏரி பிந்தாது, உண்மை. ஆனால் 55-ஆம் நாளிலேயே மதகு கட்டி முடித்து, கதவை எதிர்நோக்கி நிற்கும் கொத்தனாரும் பொருத்துவோரும் 70 வரை கைகட்டி நிற்கவேண்டும். அவருக்கிருந்த 15 நாள் தளர்வை இவர் உண்டுவிட்டார். பட்டறையார் எவரையும் வருத்தாமல் தாமதிக்கக் கூடியது 45-க்கும் 55-க்கும் இடைப்பட்ட 10 நாளே. தமக்கு அடுத்த பணியின் தொடக்கத்தைச் சிறிதும் அசைக்காத இவ்வளவே கட்டற்ற தளர்வு எனப்படும். எஞ்சிய 15 நாள், பிறர் தளர்வில் கைவைப்பது. அதனைக் குறுக்கிடும் தளர்வு என்பர். ஆகவே 25 என்னும் ஓர் எண்ணுக்குள்ளே 10 தம்முடையது, 15 பொதுப்பானையிலுள்ளது.

மற்றொரு நுட்பமும் உண்டு. கதவு பொருத்துவோருக்கும் கட்டற்ற தளர்வு 15 நாள் என்றே கணக்குக் காட்டும். அவருக்குப் பின் வருவோர் எப்படியும் 75-ஆம் நாள் வரை தொடங்கப்போவதில்லை. ஆனால் அந்தப் 15 நாளும் முன்னோர் மிச்சம் வைத்தால் உண்டு, வையாவிடின் இல்லை. மதகு கட்டுவோர் பிந்தினால், பொருத்துவோரின் தளர்வு அவர் அறியாமலே கரைந்துபோம். முன்னோர் எவ்வளவு பிந்தினும், பின்னோர் எவ்வளவு முந்தினும், தனக்கென்று நிலைத்து நிற்கும் நாள்களே தனித் தளர்வு எனப்படும். அக்கணக்குப்படி பொருத்துவோருக்குத் தனித் தளர்வு சுழி. பட்டறையாருக்கோ 10 நாள். கால்வாய்க்கு 35 நாளும் தனித் தளர்வே. ஏட்டில் 15 நாள் உடையவராய்க் காணப்படும் ஒருவர், உண்மையிற் பிறர் தயவில் வாழ்பவராய் இருத்தல் கூடும் என்பதை இவ்வகை நமக்கு உணர்த்துகின்றது. வரிசையிற் கடைசியில் நிற்போர் யாவரும் இந்நிலையினரே.

இதுகாறும் சொன்னவை பணிகளுக்குள் இருக்கும் தளர்வுகள். முழுப்பணிக்கும் ஒரு தளர்வு உண்டு. ஜூலை 1-ஆம் நாள் தொடங்கினால் 85-ஆம் நாள் செப்டம்பர் 23. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் அக்டோபர் 20 என்பர். சற்று முன்னதாக, அக்டோபர் 15-க்குள் ஏரி ஆயத்தமாதல் வேண்டும் என்று கொள்வோம். இடையே 22 நாள் இருக்கின்றன. இதுவே திட்டத் தளர்வு. ஒப்புதற்குரிய கோப்பு நகரத் தொடங்குவது ஜூலை 1-க்குப் பதிலாக ஆகஸ்டு 1 என்று மாறுமாயின், 85-ஆம் நாள் அக்டோபர் 24 ஆகும். அப்பொழுது திட்டத் தளர்வு 22 என்பது போய், 9 நாள் கடனாக நிற்கும். இதனை எதிர்மறைத் தளர்வு என்று பொறியியலார் கூறுவர். தளர்வின் வகைகளுள் இஃதொன்றே உண்மையில் தளர்வு அன்று, இறுக்கம்.

இங்கேதான் எம் வினா எழுகின்றது. அந்த 31 நாளைச் செலவிட்டவர் யார்? அந்த 9 நாள் கடனை அடைப்பவர் யார்?

செலவிட்டது மேசை. அடைப்பது மண்வெட்டி. ஒப்புதல் தருவோர்க்கு ஒரு மாதம் என்பது பெரிதன்று. கோப்பின்மேல் ஒரு தேதி மாறுகின்றது, அவ்வளவே. ஆனால் அக்கடன் இறங்கி இறங்கிக் கரைகட்டுவோரிடம் வந்து நிற்கும்பொழுது, 40 நாள் வேலையை 31 நாளில் முடிக்கவேண்டும் என்னும் கட்டளையாக மாறுகின்றது. ஏரிக்கரையை அடுக்கடுக்காக மண்ணிட்டு, ஒவ்வோர் அடுக்கிற்கும் நீர் தெளித்து, உருளையால் அழுத்தி உயர்த்துதல் முறை. அவசரத்தில் அடுக்குகள் தடிக்கும். நீர் தெளித்தல் குறையும். உருளை இருமுறை செல்லவேண்டிய இடத்தில் ஒருமுறை செல்லும். கரை பார்வைக்குக் கரையாகவே இருக்கும். அதன் உள்ளிருக்கும் குறையை மழை மட்டுமே காணும்.

மழை எத்தன்மையது என்பதை இவ்வட்டாரத்தார் அண்மையிற் கண்டனர். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரிக்கு அருகே கரைகடந்தபொழுது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒருநாளிற் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. டிசம்பர் 2-ஆம் நாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே இருப்புப்பாதைப் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைக் கடந்தமையால், தென்னாட்டிற்குச் செல்லும் வண்டிகள் பல நிறுத்தப்பட்டன; பல வேறு வழியில் திருப்பப்பட்டன. அத்தகைய மழைக்கு முன் நிற்கும் கரை, 40 நாளிற் கட்டியதா 31 நாளிற் கட்டியதா என்பது ஏட்டுக்கணக்கு ஆகாது. ஊர்க்கணக்கு ஆகும்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். குடிமராமத்து என்பது அவர் கண்ட முறை. ஊரார் தம் ஏரியைத் தாமே ஆண்டுதோறும் மழைக்கு முன் செப்பனிட்டுக்கொள்வர். செய்பவரும் அவரே, பயன் நுகர்பவரும் அவரே ஆதலின், ஒருவர் செலவிட்ட நாளை மற்றொருவர் அடைக்கும் அநீதிக்கு அங்கே இடம் குறைவு. அம்முறை தளர்ந்த காலத்தில், 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தது. வெள்ளத்தாற் கரை உடையும் அபாயம் நேரும்பொழுது ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கவும், வழக்கமான குடிமராமத்தைச் செய்விக்கவும் அது வழிவகுத்தது. எம் கண்ணுக்கு அச்சட்டம் எதிர்மறைத் தளர்வின் சட்டமாகவே தோன்றுகின்றது. முன்னே நாள் இருந்தபொழுது நாடாதவர், நாள் முடிந்தபொழுது கட்டாயப்படுத்துகின்றனர்.

தமிழ்நாட்டு அரசினர் அண்மைக் காலத்தில் குடிமராமத்தின் பெயரை மீட்டனர். 2016-17-ஆம் ஆண்டுத் திட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டு, 2017-ஆம் ஆண்டு மார்ச்சில் மணிமங்கலத்தில் தொடங்கிவைக்கப்பட்டன. மார்ச்சில் தொடங்கினால் மழைக்கு ஏழு மாதம் இருக்கிறது. காலந்தேர்ந்த செயல் என்று பாராட்டத்தக்கது. ஆயினும் எல்லாப் பணிகளும் இங்ஙனம் அமைவதில்லை. ஒலக்கூரிலிருந்து இருப்புப்பாதை வழியே வடக்கே சென்றால் வருவது மதுராந்தகம். அங்குள்ள பேரேரியைப் பெருமழையில் இராமபிரான் காத்ததாகவும், அதனைக் கலெக்டர் லியோனல் பிளேஸ் கண்டதாகவும் மக்கள் கூறும் வரலாறு யாவரும் அறிந்ததே. அவ்வேரியிலேயே அண்மை ஆண்டுகளிற் சுமார் 120 கோடி ரூபாய் மதிப்பில் எடுக்கப்பட்ட புனரமைப்புப் பணி எண்ணிய காலத்தைக் கடந்து நீண்டது. ஏரியில் நீர் தேக்கமுடியாமையால் ஆயக்கட்டு உழவர் சாகுபடிப் பருவங்களை இழந்தனர். பணி பெரிது, இடர்களும் பல இருந்திருக்கும். ஒருவரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. தாமதத்தின் விலையை யார் கொடுத்தார் என்பதையே சுட்டுகின்றோம். கொடுத்தவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடாதவர்.

மேனாட்டார் தளர்வின் உரிமையைப்பற்றி நெடுங்காலம் வழக்காடியுள்ளனர். பணி கொடுப்போர், பணத்தைத் தருவது தாமாகையால் தளர்வும் தமக்கே என்பர். ஒப்பந்தக்காரர், காலத்திட்டம் வகுத்தது தாமாகையால் தமக்கே என்பர். இங்கிலாந்திலுள்ள கட்டுமானச் சட்டச் சங்கத்தார் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்டு 2017-ஆம் ஆண்டிற் புதுக்கிய நெறிமுறை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிடின், தளர்வு இருவர்க்கும் உரியதன்று, பணிக்கே உரியது என்னும் கொள்கையைத் தழுவுகின்றது. அஃதாவது, யாருக்கு முதலில் தேவை நேருகின்றதோ அவர் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பணிக்கே உரியது என்னும் முற்பகுதியை யாம் மனமார ஏற்கின்றோம். முந்தியவர் கொள்ளட்டும் என்னும் பிற்பகுதியை நம் ஊர்களுக்கு ஏற்றுக்கொள்ள இயலவில்லை. ஏனெனில், நம் ஊர்ப் பணிகளில் முந்தியவர் எப்பொழுதும் ஒருவரே. ஒப்புதல் எப்பொழுதும் வரிசையில் முதலிடத்தில் நிற்கின்றது. பந்தியில் முதலில் அமர்ந்தவர் முழுவதையும் உண்ணலாம் என்பது விதியானால், கடைசிப் பந்திக்கு இலைதான் மிஞ்சும். கடைமடை உழவர் அக்கடைசிப் பந்தியினர்.

இங்குச் சிலர் மறுத்துரைக்கக்கூடும். 'தளர்வு என்பதே சோம்பலுக்கு இட்ட அழகிய பெயர்; அதனை முற்றும் ஒழித்துவிட்டால் வேலை விரைவாக நடக்கும்' என்பர். இதில் ஒருபாதி உண்மை உண்டு. கிடைத்த காலம் முழுவதையும் நிரப்புமாறு வேலை விரிந்துகொள்ளும் என்று 1955-ஆம் ஆண்டில் பார்க்கின்சன் என்பவர் நகைச்சுவையோடு எழுதியது இன்றும் பொய்யாகவில்லை. மூன்று வாரத் தவணை தந்த கட்டுரையை நம் மாணவ நண்பர்கள் எந்த வாரத்தில் எழுதத் தொடங்குகின்றனர் என்பதை ஆசிரியர்கள் அறிவர். ஆசிரியர்கள் விடைத்தாள்களை எந்த வாரத்தில் திருத்தத் தொடங்குகின்றனர் என்பதை மாணவர்களும் அறிவர். ஆயினும் தளர்வை ஒழித்தல் மருந்தாகாது. தளர்வே இல்லாத திட்டத்தில் எல்லாப் பணியும் நெருக்கடி வழியே. ஒரு பொக்லைன் ஓட்டுநருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஏரி பிந்தும். இருப்புப்பாதை அதிகாரிகளும் வண்டிகளின் காலஅட்டவணையில், பாதை வேலைக்கென்றும் இழந்த நேரத்தை மீட்பதற்கென்றும் சில நிமிடங்களைச் சேர்த்தே வைக்கின்றனர். அந்நிமிடங்கள் இல்லையேல், ஓரிடத்தில் நேர்ந்த தாமதம் பாதை நெடுகத் தொற்றிச் செல்லும். ஆகவே தளர்வு வேண்டும். அது கிடக்கவேண்டிய இடத்திற் கிடக்கவேண்டும். 1997-ஆம் ஆண்டில் எலியாஹு கோல்ட்ராட் என்பார் இதனையே வற்புறுத்தினார். ஒவ்வொருவரும் தத்தம் மடியில் ஒளித்துவைத்திருக்கும் நாள்களைத் திரட்டி, முழுப்பணியின் இறுதியில் ஒரே சேமிப்பாக வைக்கவேண்டும் என்பது அவர் கருத்து.

வேறு சிலர், 'இக்கணக்கு ஏட்டுச் சுரைக்காய். கறிக்கு உதவாது' என்பர். இதிலும் எச்சரிக்கைக்கு இடம் உண்டு. முன்னர்க் கால்வாய்க்கு 35 நாள் தளர்வு உண்டு என்று கண்டோம். கருவேலத்தை அகற்றும் பொக்லைனே கரைக்கும் மண் வெட்டவேண்டும், அதுவே கால்வாயையும் வாரவேண்டும் என்றால் என்னாகும்? கரை முடிந்து 75-ஆம் நாளில்தான் பொக்லைன் கால்வாய்க்கு வரும். கால்வாய் 105-ஆம் நாளில் முடியும். முழுப்பணியும் 20 நாள் பிந்தும். 35 நாள் தளர்வு என்று படித்தது கானல்நீர் ஆயிற்று. ஆதலின் தளர்வைக் கணக்கிடுவோர் எந்திரத்தையும் ஆளையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஆடித் திருவிழாவில் ஊரார் வேலைக்கு வாரார் என்பதையும், விதைப்பு நாளில் ஆள் கிடைப்பதரிது என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். இவையெல்லாம் அறிந்தவர் ஊரார். அவரை உசாவாமல் நகரத்தில் அமர்ந்து போட்ட கணக்கே ஏட்டுச் சுரைக்காய், கணக்கின்மேற் குற்றமில்லை.

பெரும்பணிகளுக்கும் இஃதொக்கும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சற்றேறக்குறைய 70 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய இருப்புப்பாதை 2006-07-ஆம் ஆண்டிலேயே திட்டத்திற் சேர்க்கப்பட்டது. அதன்மேல் வண்டி ஓடக் காணாமலே பல தொகுதி மாணவர் பட்டம்பெற்றுச் சென்றுவிட்டனர். நிலம் கையகப்படுத்தல் போன்ற பணிகள் நெருக்கடி வழியில் முதலிடம் பெறுவன. அங்கே ஒருநாள் தவறினால், பின்னர் எத்தனை எந்திரம் கொணர்ந்தாலும் அந்நாள் மீளாது.

எனவே யாம் மூன்று கருத்துக்களை நம் வாசகர்முன் வைக்கின்றோம். முதலாவது, ஊர்ப் பொதுப்பணி ஒவ்வொன்றிற்கும் பணியிடத்தில் நாட்டப்படும் பெயர்ப்பலகையில் தொகையும் ஒப்பந்தக்காரர் பெயரும் மட்டும் இருத்தல் போதாது. நெருக்கடி வழியிலுள்ள பணிகள் எவை, திட்டத் தளர்வு எத்தனை நாள், இன்றுவரை செலவானது எத்தனை, செலவிட்டவர் யார் என்பனவும் எளிய தமிழில் எழுதப்படவேண்டும். இரண்டாவது, ஒப்புதல் தரும் அலுவலகத்தின் வேலையையும் ஒரு பணியாகக் கணக்கிற் சேர்த்து, அதற்கும் நாள் வரையறுக்கவேண்டும். இப்பொழுது பெரும்பாலும் கணக்கு, வேலை தொடங்க ஆணை பிறந்த நாளிலிருந்தே தொடங்குகின்றது. அதற்கு முன் கழிந்த நாள்களுக்குக் கணக்கே இல்லை. மூன்றாவது, திட்டத் தளர்வில் இறுதிப் பத்து நாளேனும், பயன் நுகர்வோரின் இசைவின்றி எவரும் தொடாத நாளாக ஒதுக்கப்படவேண்டும். 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாசன முறைகளை உழவர் மேலாண்மை செய்யும் சட்டத்தின்கீழ் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைய வழி ஏற்பட்டது. அவ்வகைச் சங்கங்களே அவ்விசைவைத் தரத் தக்கவை. இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு பலகையும், சிறிது நாணமும் போதும்.

நிற்க. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர் பலர் சில ஆண்டுகளில் அலுவலகங்களில் அமர்வர். முன்னாள் மாணவர் பலர் ஏற்கெனவே அமர்ந்துள்ளனர். ஏதேனும் ஒரு மாலையில், ஏதேனும் ஒரு சிற்றூரின் கோப்பு உங்கள் மேசைக்கு வரும். அவசரம் ஒன்றும் இல்லாததுபோலவே அது தோன்றும். முதலில் நிற்பவருக்கு நாள்கள் எப்பொழுதும் மிகுதியாகவே தோன்றும். அப்பொழுது, வரிசையின் கடைசியில் நிற்பவரை ஒருகணம் நினைமின். அவருடைய தனித் தளர்வு சுழி. நீங்கள் நாளை பார்க்கலாம் என்று ஒதுக்கும் அந்நாள், அவருடைய நாள்.

திருவள்ளுவர் காலமறிதல் என ஓர் அதிகாரமும், வினைசெயல்வகை என ஓர் அதிகாரமும் வகுத்தார். காலத்தை அறிதலும் வினையை முடித்தலும் ஒன்றையொன்று பிரியா என்பது இவற்றால் விளங்கும். நம் கலாசாலை வழிபாட்டில் பலமுறை கேட்ட பத்துக் கன்னியர் உவமையும் இங்கு நினைவிற்கு வருகின்றது. புத்தியுள்ள ஐவர் தீவட்டிகளோடு எண்ணெயும் மிகுதியாகக் கொண்டுசென்றனர். மணவாளன் வரப் பிந்தியபொழுது அவ்வெண்ணெயே அவர்க்குத் துணையாயிற்று. புத்தியில்லாத ஐவர் கேட்டபொழுது, நடுநிசியில் அதனைப் பகிர்ந்துகொள்ள வழியில்லாமற் போயிற்று. உவமையில் எண்ணெய் கொண்டுசெல்லாதவரே கதவடைப்பிற்கு ஆளாயினர், அது நீதி. நம் ஊர்களில் எண்ணெயைச் செலவிட்டவர் ஒருவரும், இருளில் நிற்பவர் வேறொருவருமாய் இருக்கின்றனர். இந்நிலை மாறும் அளவும், தளர்வின் வகைகளை எத்துணைத் தெளிவாகப் படித்தாலும், நாம் தேர்வில் மட்டுமே தேறியவர் ஆவோம்.